மஞ்சள் குளிசையும் உப்பில்லாக் கஞ்சியும்

கடந்த ஒரு வருசமளவில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பியிருக்கிறேன். மூன்று தடவையும் அதே வாட்டு, இரண்டு தடவை அதே கட்டில். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்ன வருத்தம், எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று கேட்கிறார்கள். சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டே ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதோடு ஊருக்குள் ஓடுகிற கதை வேறு, நடந்தது வேறு. ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இன்றைக்குக் காய்ச்சல் விட்டு ஆறு வாரம். உடம்பு சுகம். கால்கள் மட்டும் இன்னும் பழைய கால்கள் ஆகவில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் பெயர் தம்பிராசா. வீடு உப்புவெளியில். பட்டணத்துச் சைக்கிள் கடை ஒன்றில் வேலை. முதலாளி எனக்குச் சம்பளம் தருவது சைக்கிள் பூட்டுவதற்கு மட்டுமல்ல, கடையின் பெயர் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு பந்தயம் ஓடுவதற்கும்தான். கடையில் ஒரேயொரு பந்தயச் சைக்கிள் இருக்கிறது. உலகச் சண்டை தொடங்க முதல் சீமையிலிருந்து வந்தது. ஒரு கையால் தூக்கலாம். சண்டை முடியும்வரை அப்படி இன்னொன்று வரப்போவதில்லை. அதில் ஏறுகிறவன்தான் கடையின் ஓட்டக்காரன். மற்றவன் வெறும் கடைப் பெடியன். எனக்கு இருபத்தேழு வயது. கடைப் பெடியனாகிற வயது தாண்டிவிட்டது.

துறைமுகத்தில் சப்பான்காரனின் குண்டு விழுந்து, சனம் ஊரை விட்டு ஓடி, மெல்ல மெல்லத் திரும்பி வந்து ஒரு வருசமானபோது போர் நிதிக்கென்று ஒரு பந்தயம் வைத்தார்கள். கோட்டை மைதானத்தில் தொடங்கி ஹபரணை போய்த் திரும்பி வரவேண்டும். நூறு மைலுக்கு மேல். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எல்லா இடமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடற்படை வெள்ளைக்காரர்களும் ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். திரும்பி வரும்போது கந்தளாயில் நான் நாலாவது ஆள். தம்பலகாமச் சந்தியில் இரண்டாவது. சீனக்குடா தாண்டியதும் எனக்கு முன்னால் வெறும் றோட்டுத்தான் இருந்தது. மைதானத்துக்குள் நுழைந்தபோது துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று ஊதியது. அது எனக்காக ஊதினதா, வேறு என்ன அலுவலாக ஊதினதா என்று இன்றுவரை தெரியாது. எனக்கென்றே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பந்தயத்துக்குப் பழகுவதற்காகக் கந்தளாய்க் குளத்தடியில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அங்கே இரவில் இரத்தம் குடிக்க நுளம்பு மேகம்போல் வரும். வென்றதற்குக் கழுத்தில் போட்ட மாலை வாடி ஒரு கிழமை ஆகவில்லை, எனக்குக் குளிர் தொடங்கிவிட்டது.

அந்தக் குளிரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பங்குனி வெயிலில், மத்தியான நேரத்தில், பல்லோடு பல் அடிக்கும். என் மனைவி பூமணி வீட்டில் இருந்த போர்வை எல்லாவற்றையும் என்மேல் போட்டாள். காணாதென்று சாக்கும் போட்டாள். ஒன்றரை மணித்தியாலம் கட்டில் கால் தரையில் தட்டத் தட்ட நடுங்கினேன். பிறகு நெருப்பாகச் சுட்டது. பிறகு வியர்வை வெள்ளமாக ஓடியது. பிறகு ஒன்றுமே இல்லை. எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டேன். அடுத்த நாள் முழுக்க சுகமாய்த் திரிந்தேன். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் குளிர் வந்தது. நடுவில் சுகமாயிருந்த நாளில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். சும்மா படுத்திருக்க எனக்கு வராது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நீளமான வாங்கு ஒன்று. சனம் அதில் நெருங்கி உட்கார்ந்து, முன்னால் ஒருவர் எழும்ப எழும்ப ஓரோர் இடமாக அரக்கி அரக்கிப் போகவேண்டும். பாதிப்பேர் என்னைப்போலவே நடுங்கினார்கள். ஒருவர் நடுங்கினால் வாங்கு முழுவதும் ஆடும். நான் மூன்று தடவை எழும்பி முற்றத்தில் நடந்துவிட்டு வந்தேன். மூன்று தடவையும் என் இடம் போய்விட்டது. பூமணி என் சறத்தைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள்.

விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். அதைப் பூதக்கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தால் மலேரியாக் கிருமி தெரியுமாம். டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் கட்டியிருந்தார். இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலை விட்டு அமத்தினார். எனக்கு உயிர் போனது. அங்கே மண்ணீரல் இருக்கிறது, இரத்தத்தைச் சலித்தெடுக்கிற உறுப்பு அது, கிருமியோடு மல்லுக்கட்டி வீங்கியிருக்கிறது என்றார். இதற்கு நல்ல மருந்து கொயினாதான். ஆனால் கொயினா சாவகத் தீவிலிருந்து வருவது. சாவகம் இப்போது சப்பான்காரன் கையில். ஆகவே அதற்குப் பதிலாகப் புதுக் குளிசை ஒன்று வந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகும், தான் நிற்பாட்டச் சொல்லும்வரை, ஒரு நாளும் தவறாமல் விழுங்கவேண்டும். அதைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அவர் சொல்லி முடிய முதல் நான் இடையில் புகுந்து, எப்போது சைக்கிள் ஓடலாம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் நான் கேட்காமல் விட்டது என்ன என்பதுதான் இந்தக் கதை.

முதல் தடவை ஒன்பது நாள் வாட்டில் இருந்தேன். தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். மிஸி வந்து, வாயில் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டும்வரை நகரமாட்டா. மஞ்சள் நிறக் குளிசை. கசப்பென்றால் சொல்லி முடியாத கசப்பு. நாலாம் நாள் குளிர் வரவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து நான் கட்டிலில் படுத்தபடியே கால்களை மிதிக்கத் தொடங்கினேன். பக்கத்துக் கட்டில்காரர் மிஸியைக் கூப்பிட்டு, இந்த மனிசனுக்கு வலிப்பு வருகுது என்று முறைப்பாடு செய்தார்.

வீட்டார் நன்றாகத்தான் பார்த்தார்கள். அக்காவின் புருசன், என் அத்தான், கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் உடம்பு உளைவுக்கு நல்லதென்று ஒரு பெரிய தகரத்தில் மொண்டு, சைக்கிளின் பின்னால் கட்டி, வெயிலுக்குள் ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர அது ஆறிப் பச்சைத்தண்ணீராகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அதையே ஊற்றிக் குளித்தேன். சுகமாய்த்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு கிழமைக்குள் என் தோல் மஞ்சளாகத் தொடங்கியது. பூமணிதான் முதலில் கண்டாள். சோறு போட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட உள்ளங்கை ஏன் இப்பிடிக் கிடக்கு?"

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். உள்ளங்கை, கழுத்து, நெஞ்சு, எல்லாம் மஞ்சள். செங்கமாரி என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பட்டது. வெளியூரில் காமாலை என்பார்களே, ஈரல் கெட்டு வருவது, அதுதான். சைக்கிள் ஓடுகிறவர்கள் மத்தியில் செங்கமாரி என்றால் தீர்ந்தது. வந்தவனுக்கு மூச்சு பிறகு திரும்பாது என்பார்கள். முதலாளி காதில் விழுந்தால் பந்தயச் சைக்கிள் அன்றைக்கே கைமாறிவிடும்.

பூமணியின் அம்மான் சல்லி என்கிற ஊரில் பரியாரியார். நாட்டு வைத்தியத்தில் கைராசிக்காரர். இருட்டுப்பட வந்து பார்த்தார். ஈரலில் சூடு ஏறியிருக்கிறது, இங்கிலீசு மருந்தின் வேலைதான், உடனே நிற்பாட்டு என்றார். கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து விடியற்காலையில் குடிக்கவேண்டும். உப்பு ஆகாது. எண்ணெய் ஆகாது. மீன் மணமும் ஆகாது. அவரில் பிழை சொல்லமாட்டேன். காட்டியதைப் பார்த்துச் சொன்னார். குளிசையைப் பற்றி டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிற்பாட்டு என்றும் அவர்தான் சொன்னார். கேட்கக்கூடாதென்று முடிவெடுத்தவன் நான். கேட்டால் டொக்டர் துண்டில் செங்கமாரி என்று எழுதுவார், துண்டு நாலுபேர் கைக்குப் போகும், பிறகு பட்டணம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். குளிசைப் போத்தல் அலுமாரியில் பூமணியின் சேலைகளுக்குக் கீழே போய்விட்டது.

குளிசையை விட்டதும் உடம்பு சுகமாயிருந்தது உண்மை. வயிற்றுப் பிரட்டல் நின்றது. அம்மானின் மருந்து வேலை செய்கிறதென்று சந்தோசப்பட்டோம். கடையில் என் நிறத்தைப் பார்த்துப் பகிடி பண்ணினார்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் மஞ்சள் கழுவுப்படவில்லை என்றார்கள். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

விடிய எழும்பிக் கண்டி றோட்டில் ஓடத் தொடங்கினேன். உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாச் சோறு, அவித்த கீரை. இதைச் சாப்பிட்டுவிட்டு நாற்பது மைல். சீனக்குடாத் திருப்பத்துக்கு வரும்போதே தொடை இரண்டும் கட்டைபோல இறுகிவிடும். இறங்கி மரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடற்படை லொறிகள் தூசியை வாரி எறிந்துகொண்டு போகும். ஒரு நாள் கடையின் மற்ற ஓட்டக்காரன், இறக்கக்கண்டிச் சிவலிங்கம், கடையின் பாரச் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனான். நான் பந்தயச் சைக்கிளில் இருந்தேன். அவன் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். குறைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் இன்னும் பத்து மைல் கூட்டி ஓடினேன். கூட்டக் கூட்டக் கால் குறைந்துகொண்டே போனது.

ஆடி பிறக்கத் திரும்பவும் குளிர்.

இரண்டாம் தடவை வாட்டுக்குப் போனபோது என் தோலில் பழைய மஞ்சள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டொக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துத் தலையாட்டினார். குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அப்படியிருந்தும் காய்ச்சல் வந்துவிட்டது என்று அவராகவே முடிவெடுத்தார். அவர் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மிஸி முன்னால் நின்றதால் வாட்டில் குளிசை விழுங்கினேன், காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்தேன், முன்னையைவிட மஞ்சளானேன். பூமணி அழுதாள். பத்தியத்தை இன்னும் இறுக்கினாள். அயலவர் வீட்டில் மீன் பொரித்தால் என் யன்னலைச் சாத்துவாள். பாவம், அவளும் என்னோடு சேர்ந்து உப்பில்லாமலே சாப்பிட்டாள்.

மாசியில் மூன்றாம் தடவை. இந்தமுறை நடந்து போகவில்லை. அத்தானும் இன்னொருவரும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் நாள் முதலாளி தோடம்பழம் கொண்டு வந்தார். பழத்தை உரித்துத் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். பெரிய பந்தயம் திரும்பவும் வைக்கப்போகிறார்கள். யாரை அனுப்புவதென்று தெரியவேண்டும். அடுத்த கிழமைக்கடுத்த ஞாயிறு நானும் சிவலிங்கமும் கந்தளாய் போய்த் திரும்பி வரவேண்டும். முந்தி வருகிறவனுக்குப் பந்தயச் சைக்கிள்.

"உனக்காக மூண்டுதரம் தள்ளிப்போட்டாச்சு, தம்பிராசா. இனி ஏலாது."

ஓம் என்றேன். பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றைக்கு டொக்டர் என் கட்டிலடியில் நெடுநேரம் நின்றார். குளிசை என் உடம்பில் பிடிக்கவில்லை என்றார். இருக்கிற கொயினா ஊசியில்தான் இனி எனக்கு வைத்தியம் என்றார். கடற்படைக்காரர் இரங்கிக் கொடுத்த ஒரு பெட்டி ஆஸ்பத்திரியில் இருந்தது. விழுங்க முடியாதவர்களுக்கென்று பூட்டி வைத்திருந்தார்கள். அதில் ஓர் ஊசியை என் இடுப்பில் ஏற்றினார்கள். குத்தின இடம் கல்லாகிப் போனது. காதுக்குள் வண்டு இரைந்தது. ஆனால் அடுத்த நாள் விடிய என் தலை தெளிந்திருந்தது. பசித்தது. இன்னும் நாலைந்து ஊசி ஏறினால் எழும்பிவிடலாம், ஒரு கிழமை றோட்டில் ஓடலாம் என்று கட்டிலில் இருந்தே ஒவ்வொரு நாளையும் பங்கு போட்டேன்.

அன்று பத்து மணிபோல் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு மனிதரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கொட்டியாரக் குடாவுக்கு அங்கால், கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவர். கதிர்காமத்தம்பி என்று பெயர். மூதூருக்கு வண்டிலில் கொண்டுவந்து, அங்கிருந்து லாஞ்சுப் படகில் ஏற்றி வந்திருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பார்வை அசையவில்லை. பல்லைக் கிட்டியிருந்தார். மனைவி நாகம்மா தலைமாட்டில் நின்று காதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டேயிருந்தா. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதென்று டொக்டர் சொன்னார். கிருமி புகுந்த இரத்தம் மூளையின் சிறு குழாய்களை அடைத்துவிடுமாம். இப்படிப்பட்டவருக்குக் குளிசை கொடுக்கவும் ஏலாது. வாய் திறக்காது. ஊசி ஒன்றுதான் வழி.

டொக்டரும் மிஸியும் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று கதைத்தது எனக்கு நன்றாகக் கேட்டது. பெட்டியில் நாலு ஊசி இருக்கிறது. மட்டக்களப்புக்கு ஆள் அனுப்பினாலும் வந்துசேர மூன்று நாள் ஆகும். இவருக்கு நாலும் வேண்டும். ஆனால் மற்றவருக்கும் குளிசை பிடிக்கவில்லை, பாதியில் விட்டால் அவருக்கும் இப்படி ஏறலாம். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். ஆளுக்கு இரண்டு, அவ்வளவுதான் செய்யலாம் என்றார். சொல்லிவிட்டு மற்றக் கட்டில்களைப் பார்க்கப் போனார்.

மற்றவர் என்றது என்னை.

இதை மறைக்காமல் எழுதவேண்டும். நான் உடனே வாய் திறக்கவில்லை. என் மனதில் முதலில் வந்தது இரண்டு ஊசி கிடைத்தாலும் போதும் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு அது காணும் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த மனிதரின் பல் நெரிகிற சத்தம் கேட்டது. டொக்டர் வரிசையின் கடைசிக் கட்டில்வரை போய்த் திரும்பி வர எடுத்த நேரம் முழுக்க நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கால் மட்டும் போர்வைக்குள் மிதித்துக்கொண்டேயிருந்தது. அதை நிற்பாட்ட என்னால் முடியவில்லை.

அவர் என் கட்டிலைத் தாண்டும்போது எழும்பி இருந்தேன்.

"ஐயா, நான் அந்தக் குளிசையைப் போடேல்லை."

"எப்ப போடேல்லை?"

"வீட்டில ரெண்டாம் கிழமையோட விட்டிட்டன். ரெண்டாந்தரம் வந்து போன பிறகு தொடவே இல்லை. செங்கமாரி வந்திட்டுது எண்டு பயந்து விட்டனான்."

டொக்டர் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். மிஸியிடம் சின்னக் கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கி என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"பாரும். கண் வெள்ளையாத்தானே கிடக்கு. செங்கமாரி எண்டால் முதல்ல கண்தான் மஞ்சளாகும். இது குளிசையின்ர சாயம். தோலில ஊறும், விட்டாலும் கனநாள் நிக்கும். முதல் நாளே உமக்குச் சொன்னனான்."

சொல்லியிருப்பார். நான் அப்போது சைக்கிள் ஓடுவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். உப்பில்லாப் பத்தியம் என்றேன். அந்தக் கஞ்சியோடு வெயிலில் நாற்பது மைல் ஓடினதையும் சொன்னேன். வியர்வையில் போகிற உப்பு திரும்ப உள்ளே போகாவிட்டால் தசை இறுகிப்போகும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று எரிந்து விழுந்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"உம்மட மஞ்சளைப் பாத்து நான் ஏமாந்திட்டன்" என்றார். நாலு ஊசியும் மற்றக் கட்டிலுக்கு என்று மிஸியிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பிப் படுத்துப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவ்வளவு வெட்கம் எனக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

பின்னேரம் பூமணி கீழ்க்காய்நெல்லிக் கிண்ணத்தோடு வந்தாள். சொன்னேன். கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"நான் அரைச்சுத் தந்ததுதானே உங்களைக் கெடுத்தது?"

இல்லை, மறைத்தது நான் என்றேன். அவள் நம்பவில்லை. கிண்ணத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் மத்தியானம் ஒரு சட்டி நிறையப் பாரைமீன் குழம்பும் சோறும் கொண்டு வந்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு நாக்கில் உப்பும் புளியும் பட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் அதே சட்டியில் சாப்பிட்டாள். வாட்டு முழுக்க மீன் மணத்தது. மிஸி கண்டும் காணாததுபோல் போனா.

கதிர்காமத்தம்பிக்கு ஊசி ஏறிய மறுநாள் மாலை நினைவு திரும்பியது. குளிசையால் எனக்கும் காய்ச்சல் விட்டது. நான் ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு முன்னால் ஒரு கதை வெளிக்கிட்டுப் போயிருந்தது. தன் ஊசியைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு விட்டுக்கொடுத்த தம்பிராசா! யார் தொடங்கினார்களோ தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார். தேத்தண்ணிக் கடையில் கதிரை இழுத்துப் போட்டார்கள். பந்தயம் வென்றபோதுகூட இவ்வளவு மரியாதை இல்லை. நான் இல்லையென்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை முடியச் சொல்லலாம் என்று தள்ளினேன். வீட்டில் இருக்க முடியவில்லை. கடையிலும் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை றோட்டில் போவதும் வருவதுமாகத் திரிந்தேன்.

ஞாயிறு விடிய மைதானத்தில் சனம். முதலாளி என்னைப் பந்தயச் சைக்கிளில் ஏற்றினார். சிவலிங்கத்துக்குக் கடையின் நல்ல சைக்கிள்களில் ஒன்று. சீனக்குடாவரை ஒன்றாகப் போனோம். தொடை இறுகவில்லை. உப்பு தன் வேலையைச் செய்தது. தம்பலகாமச் சந்தியில் அவன் எழும்பி மிதித்தான். நானும் எழும்பினேன். கால் சொல் கேட்டது, மூச்சு கேட்கவில்லை. கொஞ்சத் தூரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். பிறகு முதுகு சின்னதானது. திரும்பி வரும் வழியில் என்னை எதிரில் தாண்டியவன் கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். மைதானத்துக்கு வந்தபோது அவன் வந்து ஏழு நிமிசமாகிவிட்டிருந்தது.

சனம் எனக்குக் கைதட்டியது. அவனுக்குத் தட்டியதைவிடக் கூடத் தட்டினார்கள். சிவலிங்கம் வந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, நீங்கள் அந்த ஊசியை உங்களுக்கே எடுத்திருந்தா நான் இண்டைக்கு எங்க?"

அவன் மனதாரச் சொன்னான். ஊரே சேர்ந்து அவனுடைய வெற்றியைப் பிடுங்கி எனக்குத் தந்துகொண்டிருந்தது. அவனும் தன் கையாலேயே எடுத்துத் தந்தான்.

அந்த நேரம்தான் நாகம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தா. புருசன் இன்னும் வாட்டில்தான், எழும்பிச் சாய்ந்து இருக்கிறார். அவவின் தம்பி லாஞ்சில் அனுப்பிய எருமைத் தயிர் முட்டி ஒன்றைச் சேலைத்தலைப்பால் மூடிக் கொண்டுவந்திருந்தா. என்னிடம் நீட்டினா. வாங்கக் கை போகவில்லை. அவவை ஒரு பக்கமாக வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை, பொய் சொல்லி எடுத்த ஊசியைத் திருப்பிக் கொடுத்ததுதான், அதுவும் ஒன்றை எடுத்த பிறகு, மிச்சத்தையும் எடுக்கலாமோ என்று யோசித்த பிறகு என்றேன்.

நாகம்மா முட்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும் தம்பி. நான் ரெண்டு கட்டிலுக்கும் நடுவில நிலத்தில இருந்தனான். நீங்கள் ஐயாவுக்குச் சொன்னதெல்லாம் கேட்டனான். அண்டு பகல் முழுக்க, ராவு முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தனான். பிறகு இவர் கண் முழிச்சுத் தண்ணி கேட்டார். அதுக்குப் பிறகு எனக்குத் திட்ட நேரமில்லை."

முட்டியை என் கையில் வைத்துவிட்டு, அவருக்குச் சோறு கொடுக்க நேரமாகிவிட்டதென்று திரும்பி நடந்தா.

முட்டியைப் பூமணியிடம் கொடுத்தேன். முதலாளியும் சிவலிங்கமும் நின்ற இடத்துக்குப் போய், நாகம்மாவிடம் சொன்னதை அப்படியே, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் மெல்ல வீட்டுக்கு வெளிக்கிட்டார்கள். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், பந்தயச் சைக்கிளைச் சிவலிங்கத்தின் பக்கம் தள்ளிவிட்டார்.

சிவலிங்கம் அதில் ஏறிப் பார்த்தான். அவன் என்னைவிட உயரம், முழங்கால் மடங்கியே நின்றது. நட்டுக் கழற்றும் சாவியை எடுத்து, குனிந்து, ஆசனத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி இறுக்கிக் கொடுத்தேன்.